கேளுங்கள் சிஸ்டரை: ‘மயக்கம் வரலை, ஸ்கேனும் நார்மல்… ஆனா ஆள் சரியில்லை!’

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தலையில் அடிபட்டது பற்றித்தான். அரசு மருத்துவமனையில் முப்பத்தோரு ஆண்டு செவிலியராக இருந்தேன். அதில் பதினான்கு ஆண்டு தலைக்காய வார்டில். அதனால் இந்தக் கடிதங்களை ஒருமுறை படித்துவிட்டு மூடி வைக்க முடியவில்லை. ஐந்தை எடுத்திருக்கிறேன். ஒரு கடிதத்துக்கு மட்டும் இதழ் அச்சாகும்வரை காத்திருக்க முடியவில்லை, அதைக் கீழே சொல்கிறேன்.

என் மகனுக்கு 14 வயது. போன ஞாயிறு கிரிக்கெட்டில் கேட்ச் பிடிக்க ஓடி, இன்னொரு பையன் தலையோடு மோதி விழுந்துவிட்டான். மயக்கம் வரவில்லை, ரத்தமும் இல்லை. எழுந்து தொடர்ந்து ஆடியிருக்கிறான். வீட்டுக்கு வந்ததும் ‘இன்னிக்கு என்ன கிழமைம்மா’ என்று நாலைந்து முறை கேட்டான். மறுநாளிலிருந்து தலைவலி. புத்தகத்தைத் திறந்தால் எழுத்து ஓடுகிறது என்கிறான். தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுகிறான். பரீட்சைக்குப் பயந்து நடிக்கிறான் என்கிறார் அவன் அப்பா. டாக்டரிடம் காட்ட வேண்டுமா?
– ஒரு தாய், மன்னார்குடி

இன்றைக்கே காட்டுங்கள் அம்மா. பையன் நடிக்கவில்லை. கேட்ட கேள்வியையே நாலைந்து முறை கேட்பது நடித்து வருவதில்லை. நீங்கள் எழுதியிருப்பது அத்தனையும் கன்கஷன் என்கிற மூளை அதிர்ச்சியின் அடையாளம்.

அவன் அப்பாவுக்கு இப்படிச் சொல்லிப் பாருங்கள். ஒரு தூக்குச்சட்டி நிறையத் தண்ணீர் ஊற்றி, உரித்த நுங்கு ஒன்றைப் போட்டு மூடிவிடுங்கள். சட்டியை வேகமாக இழுத்துச் சட்டென்று நிறுத்துங்கள். சட்டி நின்றுவிடும், உள்ளே நுங்கு நிற்காது. முன்னே மோதும், பின்னே மோதும், சுழலும். மண்டை ஓட்டுக்குள் திரவத்தில் மிதக்கும் மூளையும் அப்படித்தான், சுமார் 1.3 கிலோ எடையில் அவ்வளவு மென்மையான உறுப்பு. அது குலுங்கும்போது நரம்பிழைகள் இழுபடுகின்றன. செல்லுக்கு உள்ளே இருக்க வேண்டிய உப்புகள் வெளியே வருகின்றன, வெளியே இருக்க வேண்டியவை உள்ளே போகின்றன. அதைச் சரிசெய்ய மூளைக்கு வழக்கத்தைவிடக் கூடுதல் சக்தி வேண்டும். அந்த நேரம் பார்த்து அதற்குப் போகும் ரத்த ஓட்டமும் குறைந்துவிடுகிறது. தலைவலி, மந்தம், மறதி, கோபம் எல்லாம் அந்தப் பற்றாக்குறையிலிருந்து வருபவை. இதில் எலும்பு உடைவதில்லை, ரத்தம் கசிவதில்லை. அதனால்தான் ஸ்கேனில் ஒன்றும் தெரிவதில்லை.

மயக்கம் போட்டால்தான் ஆபத்து என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. கன்கஷன் வந்தவர்களில் பெரும்பாலானோருக்கு மயக்கமே வருவதில்லை. அடையாளங்கள் உடனே தெரிய வேண்டும் என்பதும் இல்லை. 2019 ஆகஸ்டில் லார்ட்ஸ் டெஸ்டில் ஜோஃப்ரா ஆர்ச்சர் போட்ட பவுன்சர் ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில், காதுக்குக் கீழே பட்டது. வெளியே போனார், பரிசோதனைகளில் தேறினார், திரும்பி வந்து பேட்டும் பிடித்தார். மறுநாள் காலை எழுந்தபோது தலைவலி, மந்தம். ஆட்டத்திலிருந்து விலக்கிவிட்டார்கள். கூடவே மருத்துவக் குழு இருந்தவருக்கே விடிந்த பிறகுதான் தெரிந்தது என்றால், உங்கள் பையன் எழுந்து ஆடியதை வைத்து ‘ஒன்றுமில்லை’ என்று எப்படிச் சொல்வது?

எதையெல்லாம் பார்க்க வேண்டும்? தலைவலி, குமட்டல், தலைசுற்றல், வெளிச்சமும் சத்தமும் பொறுக்காமல் போவது, பார்வை மங்குவது அல்லது இரண்டாகத் தெரிவது. இவை உடம்பு சொல்பவை, பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். அவர்களால் சொல்ல முடியாததைத்தான் நாம் பார்க்க வேண்டும். கேள்வி கேட்டால் ஒரு கணம் வெறித்துப் பார்த்துவிட்டுப் பதில் வருகிறதா? நடையில் தள்ளாட்டம் உண்டா? அடிபட்டதற்கு முன்னும் பின்னும் நடந்தவை நினைவிருக்கின்றனவா? சும்மாவே அழுகிறானா? எப்போதும் தூங்குகிறானா, அல்லது தூக்கமே வரவில்லையா?

சோதிக்கும்போது பெயர், வயது, ஊர் கேட்காதீர்கள். அதை அடிபட்டவர்கள்கூட மளமளவென்று சொல்லிவிடுவார்கள். ‘எந்த மைதானத்தில் ஆடினீங்க? யார் பேட்டிங்? கடைசி விக்கெட் யாருடையது? போன வார மேட்ச்சில் ஜெயிச்சீங்களா, தோத்தீங்களா?’ என்று கேளுங்கள். புது நினைவுதான் முதலில் தடுமாறும்.

இப்போது சொல்லப்போவதை ஃபிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டி வையுங்கள். தலைவலி நேரம் ஆக ஆகக் கூடிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, கை கால் ஒரு பக்கம் பலவீனம், நாக்குழறல், குழப்பம் அதிகமாவது, எழுப்பினால் எழாமல் இருப்பது, ஒரு கண்பாப்பா மற்றதைவிடப் பெரிதாகத் தெரிவது, மூக்கிலோ காதிலோ தண்ணீர் போலவோ ரத்தமாகவோ ஒழுகுவது, கண்களைச் சுற்றியோ காதுக்குப் பின்னாலோ கருநீலம் கட்டுவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் 108தான். அடிபட்டவுடன் கொஞ்ச நேரம் நினைவு தப்பியிருந்தாலும் அப்படியே. இவை கன்கஷனைத் தாண்டி, மண்டைக்குள் ரத்தம் கட்டுவதற்கும் எலும்பு முறிவுக்குமான அடையாளங்கள்.

ஒரு ராத்திரியைச் சொல்கிறேன். பைக்கிலிருந்து விழுந்த இருபத்திரண்டு வயதுப் பையனை நண்பர்கள் கொண்டுவந்தார்கள். காதுக்கு மேலே, பொட்டுப் பக்கம் சின்னச் சிராய்ப்பு. சாராய வாடை. பேசினான், டீ கேட்டான். நண்பர்கள், ‘சரக்கு அடிச்சிருக்கான் சிஸ்டர், தூங்கி எழுந்தா தெளிஞ்சிடும், கூட்டிட்டுப் போறோம்’ என்றார்கள். அவன் அம்மா மட்டும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நகரவில்லை. ‘எம்மவன் குடிச்சா பாடுவான்மா. இப்படி ஊமையா இருக்க மாட்டான்’ என்றார். அந்த ஒரு வார்த்தையைக் கேஸ் ஷீட்டில் எழுதிவைத்தேன். மணிக்கொரு முறை பார்க்க வேண்டியவனை அரைமணிக்கு ஒரு முறை பார்த்தேன்.

வார்டில் நாங்கள் போடும் மார்க் ஒன்று உண்டு, கிளாஸ்கோ கோமா ஸ்கேல். கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6, மொத்தம் 15. கிளாஸ்கோ நகரத்து மருத்துவர்கள் இருவர் 1974இல் கொடுத்தது, உலகம் முழுக்க இன்றும் அதுதான். பத்து மணிக்கு அவனுக்கு 15 போட்டேன். ஒரு மணிக்கு 14. இரண்டே காலுக்குக் குறட்டைச் சத்தம் மாறியது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், கண் திறக்கவில்லை. டார்ச் அடித்தேன். இடது பாப்பா சுருங்கியது, வலது பாப்பா சுருங்காமல் விரிந்தே நின்றது. பொட்டெலும்புக்கு உள்ளே ஒரு தமனி ஓடுகிறது. எலும்பு விரிசல் விட்டால் அது கிழிந்து ரத்தம் கட்டும். அது கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டும் வரை ஆள் நன்றாகவே பேசிக்கொண்டிருப்பார். உடனே அறுவை சிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்துக்கொண்டான். எங்கள் டார்ச்சும் மார்க்கும் கண்டுபிடிப்பதற்கு நான்கு மணி நேரம் முன்பே அவன் அம்மா கண்டுபிடித்துவிட்டார்.

உங்கள் கடிதத்திலும் அந்த அம்மாவின் கண் இருக்கிறது. டாக்டரிடம் இதே விவரங்களைத் தேதி, நேரத்தோடு சொல்லுங்கள். ஸ்கேன் வேண்டுமா என்று அவர் பார்த்து முடிவு செய்வார். அடிபட்டு முதல் இரண்டு நாள்தான் ஓய்வு முக்கியம். உங்கள் மகனுக்கு அது கிடைக்காமல் போனதால் இப்போது கொடுங்கள். பிறகு அரை நாள் பள்ளி, முழு நாள் பள்ளி என்று ஏற்றுங்கள். வகுப்பாசிரியரிடம் ஒரு கடிதம் கொடுங்கள். பிள்ளைகளுக்கு முழுதாகத் தேற நான்கு வாரம்கூட ஆகலாம்.

எட்டு மாதக் குழந்தை கட்டிலிலிருந்து விழுந்துவிட்டாள். உடனே அழுதாள், நெற்றியில் புடைப்பு. ‘தலையில அடிபட்டா தூங்க விடக்கூடாது’ என்று மாமியார் ராத்திரி முழுக்கக் கிள்ளிக் கிள்ளி எழுப்பிக்கொண்டே இருந்தார். அது சரியா?
– பெயர் வேண்டாம், தேனி

தூங்க விடலாம். அடிபட்ட மூளைக்குத் தூக்கம் வேண்டும். தூக்கம் ஆளை மோசமாக்காது. தூங்கும்போது மோசமானால் தெரியாமல் போய்விடுமே என்ற பயத்தில் பெரியவர்கள் அப்படிச் சொல்லிவைத்தார்கள், அந்தக் கவலை நியாயமானது. அதற்கு வழி, முதலில் டாக்டரிடம் காட்டுவது. அவர் வீட்டுக்கு அனுப்பினால், எத்தனை மணிக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மூச்சும் நிறமும் சீராக இருந்து, லேசாகத் தொட்டால் சிணுங்கித் திரும்பிப் படுத்தால் போதும். கிள்ளத் தேவையில்லை.

விழுந்த உடனே அழுதது நல்லது. நெற்றிப் புடைப்பு பார்க்கப் பெரிதாக இருக்கும், பெரும்பாலும் தோலோடு போய்விடும். காதுக்கு மேலேயோ பின்மண்டையிலோ கொழகொழவென்று வீக்கம் இருந்தால் அது வேறு, அடியில் எலும்பு விரிசல் இருக்கலாம். இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தை மூன்றடிக்கு மேலிருந்து விழுந்திருந்தால், பால் குடிக்க மறுத்தால், சமாதானமாகாமல் வீறிட்டால், அல்லது வழக்கம்போல் முகம் பார்த்துச் சிரிக்காமல் இருந்தால் உடனே கொண்டுபோங்கள். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தை என்றால் எந்த அடியானாலும் காட்டிவிட வேண்டும்.

புடைப்பைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்க்காதீர்கள், வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸ் கட்டியைச் சில நிமிடம் விட்டு விட்டு வைக்கலாம். காயத்தில் காபித்தூள் அப்பும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அதைக் கழுவி எடுப்பதற்குள் குழந்தை படும் பாடு எனக்குத் தெரியும். ‘எதற்கும் ஒரு சி.டி. எடுத்துடுங்க’ என்று டாக்டரை வற்புறுத்தவும் வேண்டாம். அதில் கதிர்வீச்சு இருக்கிறது. தேவையிருந்தால் அவரே எழுதுவார்.

அப்பாவுக்கு 71 வயது. இதய வால்வு அறுவை சிகிச்சைக்குப் பிறகு, ரத்தம் உறையாமலிருக்க அசிட்ரோம் மாத்திரை சாப்பிடுகிறார். ஐந்து வாரம் முன்பு பாத்ரூம் நிலைப்படியில் தலை இடித்துக்கொண்டார். அன்றைக்கு ஒன்றும் இல்லை. பத்து நாளாக மறதி, பகல் முழுக்கத் தூக்கம். நடக்கும்போது இடது கால் செருப்பு கழன்று விழுகிறது, அது கழன்றதே அவருக்குத் தெரிவதில்லை. வயதாகிவிட்டது என்று அம்மா சொல்கிறார். ஞாபகசக்திக்கு என்ன உணவு கொடுக்கலாம்?
– ஒரு மகன், அறந்தாங்கி

நான் காத்திருக்க முடியாமல் போன கடிதம் இதுதான். ‘செருப்பு கழன்றதே தெரிவதில்லை’ என்ற வரியைப் படித்ததும் ஆசிரியர் குழுவிடம் எண்ணை வாங்கி அந்தத் தம்பிக்குப் போன் செய்தேன். ‘உணவு அப்புறம் பார்க்கலாம்ப்பா, இன்னிக்கே ஸ்கேன்’ என்றேன். மாலைக்குள் எடுத்துவிட்டார்கள். மூளையின் வலப்பக்க உறைக்கு அடியில் பழைய ரத்தம் தேங்கி நின்றது. மண்டையில் சிறு துளையிட்டு வடித்திருக்கிறார்கள். அப்பா இப்போது செருப்போடு நடக்கிறாராம். அவர் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன்.

வயதாக ஆக மூளை கொஞ்சம் சுருங்கும். அதற்கும் மண்டை ஓட்டுக்கும் நடுவே இடைவெளி கூடும். அந்த இடைவெளியைக் கடந்து போகும் மெல்லிய சிரைகள் இழுபட்ட நூல் மாதிரி விறைத்து நிற்கும். சின்ன இடிக்கே அறுந்துவிடும். வடிவது சொட்டுச் சொட்டாக என்பதால் வாரக்கணக்கில் ஒன்றும் தெரியாது. தெரியும்போது மறதி, தள்ளாட்டம், தூக்கம், ஒரு பக்கம் பலவீனம் என்று வயோதிகத்தின் வேடத்தில் வரும். முதுமை மறதி ஆண்டுக்கணக்கில் வருவது. பத்து நாளில் வந்தால் அது முதுமை அல்ல. ‘முன்னே எப்போதாவது இடித்துக்கொண்டாரா’ என்று இரண்டு மூன்று மாதம் பின்னோக்கி யோசியுங்கள். அவர்களுக்கே அது மறந்திருக்கும்.

அசிட்ரோம், வார்ஃபரின், குளோபிடோக்ரெல் போல ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் எல்லோருக்கும் சொல்கிறேன். தலையில் அடிபட்டால் வலி இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள், மாத்திரைச் சீட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், வால்வு வைத்தவருக்கு அது வேறு ஆபத்து.

ஸ்கூட்டரில் போகும்போது நாய் குறுக்கே வந்து விழுந்துவிட்டேன். ஹெல்மெட் போட்டிருந்தேன். ஸ்கேன் நார்மல். பதினாறு நாளாகியும் ஆபீஸ் டியூப்லைட்டைப் பார்க்க முடியவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் பத்து நிமிடம் உட்கார்ந்தால் கண்ணுக்குப் பின்னால் இழுக்கிறது. குக்கர் விசில் சத்தத்துக்கு அழுகை வருகிறது. ‘ஸ்கேன்தான் நார்மலாச்சே’ என்கிறார் கணவர். எனக்குப் பைத்தியம் பிடித்துவிடுமோ?
– ஒரு வாசகி, ஓசூர்

பிடிக்காதும்மா. உங்களைப்போல் எத்தனையோ பேர் ரிவ்யூவுக்கு வந்து, யாரும் நம்பமாட்டேன் என்கிறார்கள் என்று என் மேஜை முன்னால் அழுதிருக்கிறார்கள்.

உங்கள் கணவர் இதைப் படிக்கட்டும். சி.டி. ஸ்கேன் ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் தேடுகிறது. அவை இல்லை என்பதுதான் ‘நார்மல்’ என்பதன் பொருள். மூளை குலுங்கவில்லை என்று அந்தத் தாள் எங்கும் சொல்லவில்லை. ஹெல்மெட்டும் அப்படித்தான். மண்டை உடையாமல், உயிர் போகாமல் காப்பாற்றியிருக்கிறது. அது இல்லாதிருந்தால் நீங்கள் இந்தக் கடிதம் எழுதியிருக்க மாட்டீர்கள். ஆனால் உள்ளே நுங்கு குலுங்குவதை அதனால் முழுக்கத் தடுக்க முடியாது.

பெரியவர்கள் பலர் இரண்டு வாரத்தில் தேறிவிடுவார்கள். சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும். முன்பே ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும், மன அழுத்தம் உள்ளவர்களுக்கும் இழுப்பதை அதிகம் பார்த்திருக்கிறேன். அடிபட்ட முதல் 48 மணி நேரம் போன், டிவி, கம்ப்யூட்டரை ஒதுக்கிவைத்தவர்கள் சீக்கிரம் தேறியதாக அமெரிக்காவில் 12 முதல் 25 வயதுவரை உள்ளவர்களிடம் செய்த ஆய்வு ஒன்று 2021இல் வந்தது. ஒதுக்கியவர்களில் பாதிப் பேர் மூன்றரை நாளுக்குள் தேறினார்கள், ஒதுக்காதவர்களில் பாதிப் பேர் தேற எட்டு நாள் ஆனது. உங்களுக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. இப்போது இருட்டறையில் கிடப்பதும் உதவாது. காலையில் வெயில் ஏறுமுன் கால் மணி நேரம் நடங்கள். கம்ப்யூட்டரில் பத்து நிமிடத்தில் இழுக்கிறது என்றால் எட்டாவது நிமிடத்தில் எழுந்துவிடுங்கள், மறுநாள் ஒன்பது. தூங்கும் நேரம் மாறக்கூடாது. தலைசுற்றலும் கவனக்குறைவும் போகும்வரை ஸ்கூட்டர் வேண்டாம். மது அறவே கூடாது. ஒரு மாதம் தாண்டியும் இப்படியே இருந்தால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். சமநிலைக்கும் பார்வைக்கும் பிசியோதெரபிப் பயிற்சிகள் இருக்கின்றன. அழுகை நிற்காவிட்டால் அதையும் அவரிடம் சொல்லுங்கள், அதுவும் இந்தக் காயத்தின் பகுதிதான்.

செலவுக்குப் பயந்து மறுநாள்தான் மருத்துவமனை போனேன் என்றும் எழுதியிருந்தீர்கள். தமிழ்நாட்டில் சாலை விபத்தில் அடிபட்டால் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு பணம் கட்டும் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பர் முதல் இருக்கிறது. அதில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் உண்டு. அக்கம்பக்கத்தில் சொல்லிவையுங்கள்.

பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன், கபடி அணிக்குப் பயிற்சி கொடுக்கிறேன். கணுக்கால் பிடிக்குக் குனியும்போது ரெய்டரின் முட்டி நெற்றிப்பொட்டில் படுவது எங்களுக்குச் சகஜம். தண்ணீர் தெளித்து எழுப்பி மறுபடி இறக்குவோம். எப்போது இறக்கலாம், எப்போது கூடாது?
– ஆசிரியர், ஒட்டன்சத்திரம்

அன்றைக்கு இறக்கவே கூடாது சார். சந்தேகம் இருந்தாலே வெளியே. இறுதிப்போட்டி, கடைசி நிமிடம், ஒரு புள்ளி பாக்கி என்றாலும்தான். ஆறாத மூளையில் இரண்டாவது அடி விழுந்தால், அரிதாக, குறிப்பாகப் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு, மூளை மளமளவென்று வீங்கி உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

2020 டிசம்பரில் கான்பெராவில் நடந்த டி20 உங்களுக்கு நினைவிருக்கும், நம் சேலத்து நடராஜன் சர்வதேச டி20இல் அறிமுகமான ஆட்டம். ஸ்டார்க் போட்ட கடைசி ஓவரில் பந்து ஜடேஜாவின் ஹெல்மெட்டில் பட்டது. ஓவர் முடியும்வரை ஆடினார். இடைவேளையில் மருத்துவக் குழு பார்த்துவிட்டு நிறுத்தியது, சாஹல் மாற்று வீரராக வந்து மூன்று விக்கெட் எடுத்தார். கன்கஷனுக்கு மாற்று வீரர் என்ற விதியையே ஐ.சி.சி. அதற்கு முந்தைய ஆண்டுதான் கொண்டுவந்திருந்தது. உங்கள் அணியிலும் மாற்று ஆட்டக்காரர்கள் பெஞ்சில் இருக்கிறார்கள்.

விழுந்த பையனைக் கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். கழுத்து வலிக்கிறதா, கை கால் மரத்திருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். ஆம் என்றால் அசைக்காமல் 108. மயங்கியவன் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றக்கூடாது. புரையேறும். வலிப்பு வந்தால் கையில் சாவி வைக்க வேண்டாம். கழுத்து வளையாமல் பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைத்தால் போதும். வலிக்கு, டாக்டர் பார்க்கும்வரை பாராசிட்டமால் தவிர வேறு மாத்திரை கூடாது. ஆஸ்பிரின், புரூஃபன் வகைகள் ரத்தக்கசிவைக் கூட்டலாம்.

திரும்பி வரும் வழி படிப்படியானது. முதல் இரண்டு நாள் ஓய்வும் மெல்லிய நடையும். பிறகு மெதுவோட்டம், அடுத்து வேக ஓட்டமும் காலசைவும், அடுத்து யாரும் தொடாத தனிப் பயிற்சி. ஒரு படிக்கும் அடுத்ததற்கும் நடுவே குறைந்தது ஒரு நாள். தலைவலி தெளிவாகக் கூடினால் அன்று நிறுத்தி, மறுநாள் அதே படி. வகுப்பில் முழு நாள் உட்கார முடியாத பையனுக்குப் பிடி பயிற்சி கிடையாது. தலைவலி முழுக்கப் போய், டாக்டர் எழுதிக்கொடுத்த பிறகுதான் களத்தில் உடம்போடு உடம்பு மோதலாம், ஆட்டம் அதற்கும் பிறகு.

பிள்ளைகள் மறைப்பார்கள், அணியிலிருந்து எடுத்துவிடுவீர்களோ என்ற பயம். அதனால் முதலுதவிப் பெட்டியில் ஒரு நோட்டும் பேனாவும் வையுங்கள். எத்தனை மணிக்கு அடிபட்டது, ஸ்கோர் என்ன என்று கேட்டதற்கு என்ன சொன்னான், நேர்கோட்டில் நடந்தானா, வாந்தி உண்டா என்று எழுதிக் கிழித்து அவனிடமே கொடுத்தனுப்பாமல், அவன் அம்மாவுக்கு நீங்களே போன் போட்டுப் படித்துக் காட்டுங்கள். ராத்திரி பத்து மணிக்கு ஒருமுறை, விடிந்ததும் ஒருமுறை கூப்பிட்டு, ‘பையன் எப்பவும்போல இருக்கானாம்மா?’ என்று கேளுங்கள்.